பென்ஸ் பார்க்கப் போய் பிஎம்டபிள்யூ வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த இரண்டாம் மாதம் வாங்கிய கொரோலா பதினோரு வருடம் ஓடிவிட்டது. 2,70,000 கிலோமீட்டர் தாண்டியும் ஒரு நாள் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. அதை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆசை, அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில் ஆசைக்கு ஒரு நியாயம் கற்பித்துக்கொள்ள வேண்டுமே, அதற்கு எனக்கு ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பயணம் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலக வேலையாக 570 கிலோமீட்டர் போய் வர வேண்டும். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஏறும்போது கொரோலாவுக்கு மூச்சு வாங்கும். ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைய, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு பலத்தையாவது இழந்துவிடும். "டர்போ வண்டி வேணும்" என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி சிரித்தாள்.

2022 ஆகஸ்டில் தேட ஆரம்பித்தேன். மனதில் இருந்தது இரண்டே இரண்டு: பென்ஸ் சி-கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். ஆடி, வால்வோ, லெக்ஸஸ் எல்லாம் நல்ல வண்டிகள்தான். ஆனால் இந்த நாட்டில் இந்த இரண்டுக்கும் இருக்கிற சௌகரியம் வேறு எதற்கும் இல்லை. சி-கிளாஸ் ஈஸ்ட் லண்டனில் தயாராகிறது. 3 சீரிஸ் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ராஸ்லினில் 35 வருடம் தயாரானது, 2018 தொடக்கத்தில் நிறுத்தும்வரை ஏறத்தாழ 12 லட்சம் வண்டிகள். அதனால் பழைய பாகமும் கிடைக்கும், கை தேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார். எண்பதுகளின் பெட்டி வடிவ 3 சீரிஸுக்கு, கறுப்பின மக்களின் குடியிருப்புகளான டவுன்ஷிப்புகளில் 'குஷேஷே' என்று செல்லப் பெயரே உண்டு. இன்றைக்கும் அதை வட்டமடித்து ஓட்டிக் காட்டக் கூட்டம் கூடுகிறது. பெயர் வைத்துக் கொஞ்சுகிற வண்டிக்கு பாகம் கிடைக்காமல் போகாது என்பது என் கணக்கு.

முதலில் போனது புது பென்ஸ் ஷோரூமுக்கு. வாங்குகிற எண்ணம் பாதிதான். ஆனால் புதியதில் உட்கார்ந்து பார்க்காமல் பழையதை எடைபோட முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன். அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார்கள், அவர்களையும் கூட்டிப்போனேன். அதுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனமான ஒரே காரியம். விற்பனையாளர் என்னை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்து விளக்கின் நிறம் மாறுவதைக் காட்டிக்கொண்டிருந்தார், அறுபத்து நாலு நிறம். பின்கதவைத் திறந்து அம்மா உட்காரப் போனார்கள். ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைப் பிடித்து, தலையைக் குனிந்து, பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

"என்னப்பா, குழியில இறங்குற மாதிரி இருக்கு."

இறங்கும்போது இன்னும் கஷ்டம். மூட்டுவலிக்காரர்களுக்குத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுவது எப்படி என்று எந்த கார் விமர்சனத்திலும் எழுத மாட்டார்கள். அப்புறம் நானும் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன், என் உயரத்துக்கு முன்சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு. முட்டி இடிக்கவில்லை. ஆனால் நடுவில், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் சுரங்கம் முதுகு தூக்கி நிற்கிறது. பின்சக்கர இழுவை வண்டிகளில் இது தவிர்க்க முடியாதது. மூன்றாவது ஆள் காலை அகட்டி உட்கார வேண்டும். 'ஐந்து பேர் கார்' என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கும், நம் குடும்பக் கணக்கில் அது நாலு பேர் கார்.

முன்னால் ஐபேட் போல நட்டுவைத்த திரையில்தான் ஏசியைக் கூட்டக் குறைக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் ஒரு டிகிரி குறைக்க நான் இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டேன். குமிழைத் திருகுகிற சுகம் போய்விட்டது. இதில் வயதும் ஒரு காரணம் என்று மகன் சொல்கிறான், இருக்கட்டும்.

அப்போது விலை ஒன்பது லட்சம் ராண்டை ஒட்டி. இந்த விலையில் வரிக்கே பெரும்பங்கு போகிறது. 15 விழுக்காடு வாட் தவிர ஆடம்பரப் பொருளுக்கான தனித் தீர்வையும் உண்டு. அது வண்டி விலை ஏற ஏற விகிதமும் ஏறி, உச்சமாக 30 விழுக்காட்டில் நிற்கும். விற்பனையாளர் விலையைப் பேசவே இல்லை, மாதத் தவணையைத்தான் பேசினார். ஒரு லட்சம் முன்பணம், மீதி எட்டு லட்சம், 10.5 விழுக்காடு வட்டி, 72 மாதம். மாதம் 15,000 சொச்சம். என் முகம் சுருங்கியதைப் பார்த்து "முப்பது விழுக்காடு பலூன் வைப்போமா?" என்றார். தவணை 12,600க்கு இறங்கியது.

வீட்டுக்கு வந்து எக்செலில் போட்டுப் பார்த்தேன். பலூன் என்றால் 2,40,000 ராண்டைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பது. ஆறு வருடமும் அந்தத் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பலூன் இல்லாமல் மொத்த வட்டி 2,82,000. பலூனோடு 3,48,000. மாதம் 2,400 மிச்சம் என்று தோன்றுகிற இடத்தில் அறுபத்தாறாயிரம் கூடுதலாகப் போகிறது. அது போக, ஆறாம் வருடம் கையில் 2,40,000 இல்லையென்றால் அதற்கும் ஒரு கடன். இங்கே என் கூட வேலை செய்கிறவர்களில் பலர் பலூனுக்காகவே அடுத்த வண்டிக்கு மாறுகிறார்கள். கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு தொப்பியை மாற்றுகிற மாதிரிதான் எனக்குப் படுகிறது.

சரி, பழைய வண்டி பார்ப்போம் என்று முடிவானது. இங்கேதான் சாட்ஸ்வொர்த் அண்ணன் வருகிறார், டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்.

அவர் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். அண்ணன் ஜெர்மன் வண்டிகளை மட்டும் முப்பது வருடமாகப் பிரித்து மாட்டுகிறார். கராஜ் சுவரில் முருகன் காலண்டர், வருடம் தவறாமல் காவடி. பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான். தமிழில் அவரிடம் இருப்பது ஐயோ, சோறு, தண்ணி, தாத்தா, ஆயா என்று இருபது முப்பது சொல். நான் தமிழில் பேசினால் பாதி புரியும், மீதியை என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதில்லை.

அவர் முதலில் இங்கிலீஷில் சொன்னது இது: "நீ கொடுக்கப்போறது மூணு லட்சம். ஆனா உடைஞ்சா ஒன்பது லட்சம் வண்டியோட பாகம்தான் வாங்கணும். பாகத்துக்கு வயசு கிடையாது தம்பி." வாங்குகிற விலைக்கு மேல் நாற்பதாயிரமாவது தனியாக ஒதுக்கி வை, இல்லையென்றால் கொரோலாவையே ஓட்டு என்றார். இரண்டாவது, கிலோமீட்டரைப் பார்க்காதே, வண்டி எங்கே குடியிருந்தது என்று பார்.

இரண்டாவதன் அர்த்தம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கடலோரத்தில் குடியிருந்த ஒரு பழைய சி-கிளாஸைப் பார்த்தோம், 2010 வாக்கு, டபிள்யூ 204 என்கிற தலைமுறை. மேலே பெயிண்ட் கண்ணாடி போல. அண்ணன் கீழே படுத்து பின் அச்சைத் தாங்கும் சப்ஃபிரேமில் டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டு தட்டினார். முறுக்கு உடைந்த மாதிரி துரு உதிர்ந்தது. அந்தத் தலைமுறையில் பின் சப்ஃபிரேம் துருப்பிடிப்பது தெரிந்த வியாதி, டர்பன் உப்புக்காற்று அதற்குத் தீனி. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்தது ஒரு பழைய கார் கடையில் 2016 மாடல் 3 சீரிஸ். வெள்ளை, 61,000 கிலோமீட்டர், சந்தை விலைக்கு நாற்பதாயிரம் குறைவு. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. "ஜோபர்க் வண்டி சார், ஒரே ஓனர், ஒரு அம்மா வைத்திருந்தார்" என்றார் கடைக்காரர். உள்ளே வெனிலா வாசனை, மிட்டாய்க் கடை போல. கம்பளமெல்லாம் ஷாம்பூ போட்டுப் புசுபுசுவென்று இருந்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று நான் நினைத்தேன். அண்ணனுக்கு அந்தச் சுத்தமே பிடிக்கவில்லை.

அவர் எஞ்சினைத் திறக்கவில்லை. ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், நாம் போட்டுக்கொள்கிற அளவுக்கு அல்ல, சுருள் காலியாகும் வரை. பெல்ட்டின் கடைசி முழம், சாதாரணமாக யாரும் வெளியே பார்க்காத பகுதி, தேயிலைக் கறை படிந்த மாதிரி பழுப்பாக இருந்தது. கறைக்கும் கறுப்புக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டது போல ஒரு எல்லை. நகத்தால் சுரண்டினார், பொடி விழுந்தது. அதை விரல்களுக்கிடையே வைத்து எனக்குக் காட்டினார்.

"தண்ணி," என்றார்.

இங்கிலீஷில் சொல்லியிருந்தால் கடைக்காரருக்குப் புரிந்திருக்கும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு மேல் விளக்கம் வேண்டாம். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளம். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வீட்டு வாசலில், அலுவலக அடித்தளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ முழுகின. அவற்றில் எல்லாமே நசுக்கப்பட்டு இரும்பாகிவிடவில்லை. காய்ந்து, கழுவி, வாசனை போட்டு, ஊர் மாற்றிச் சொல்லப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன.

அதற்கப்புறம் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது, அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும், அவற்றின் தலையில் துரு. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் இணைப்பான், அதன் முள்ளில் பச்சைக் களிம்பு. இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியின் வலது மூலையில் இருக்கும், அந்த மூடியைக் கழற்றினால் மடிப்புகளில் சாம்பல் நிற வண்டல். வெளியிலிருந்து வந்த ஆள் கம்பளத்தைக் கழுவுவான், பேட்டரிக் குழியின் மடிப்பில் விரல் விடமாட்டான். ஐடிரைவ் திரையில் சர்வீஸ் வரலாறு இருக்கும், அதையும் பார்த்தோம். எல்லாமே டர்பன் பகுதி. 'ஜோபர்க் வண்டி' ஜோபர்க்கில் ஒரு முறைகூட ஆயில் மாற்றவில்லை.

கடைக்காரர் கடைசி அம்பாகச் சட்டத்தை எடுத்தார். "ஆறு மாதத்துக்குள் ஏதாவது என்றால் நுகர்வோர் சட்டம் இருக்கிறதே." உண்மைதான். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடையில் வாங்கிய வண்டியில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார், மாற்று, பணத்தைத் திருப்பு என்று கேட்கலாம். தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே 'ஃபுட்ஸ்டுட்ஸ்' என்கிற பழைய டச்சு வழக்கம்தான், இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று. ஆனால் வெள்ளத்தில் நனைந்த வண்டியின் வியாதி மெதுவாக வரும். இணைப்பான்களில் அரிப்பு ஊறி ஊறி, எட்டாம் மாதம் ஒரு விளக்கு, பத்தாம் மாதம் ஸ்டீரிங் என்று வேலையைக் காட்டும். சட்டம் என் பக்கம் இருக்கலாம், அலைச்சலும் என் பக்கம்தான் இருக்கும்.

அந்த வண்டியின் விளம்பரம் இரண்டு வாரம் கழித்து இன்னும் இருபதாயிரம் குறைந்து நின்றது. அதற்கடுத்த வாரம் காணவில்லை.

எஞ்சின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் ஆளாளுக்குக் கருத்து உண்டு. 3 சீரிஸின் டீசல் வகையான 320டியில் 2007இலிருந்து ஏறக்குறைய 2015 வரை இருந்த என்47 எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்தால் அதைத் தொடவே பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும், அறுந்தால் எஞ்சின் போச்சு. டர்பனுக்குப் பக்கத்துப் பைன்டவுனில் ஒரு தனியாரிடம் அப்படி ஒன்றைப் பார்த்தோம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெல்ல 1,500, 2,000 சுற்றுக்கு ஏற்றியபோது, பின்னாலிருந்து தகரடப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற சத்தம். டீசலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீடு, பள்ளிக்கூடம், கடை என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அதன் புகை வடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் 320ஐயிலும் ஆரம்ப வருட எஞ்சினில் செயின் வழிகாட்டி பிளாஸ்டிக் உடைகிற பிரச்சினை இருந்தது. 2015 நடுவில் வண்டியின் முகம் மாறியபோது எஞ்சினும் மாறியது. அதற்குப் பிந்தியதுதான் வேண்டும் என்று அண்ணன் கோடு போட்டார். அதே காலத்து சி-கிளாஸும் தேடினோம், நல்லது கிடைத்திருந்தால் அதையே எடுத்திருப்பேன். உள்ளே உட்கார்ந்தால் பென்ஸ்தான் அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் வண்டி கிடைத்தது ஜோபர்க்கில். லெனேசியாவில் இருக்கும் நண்பர் பார்த்துச் சொன்னார். 2017 மாடல் 320ஐ, கருநீலம், 78,000 கிலோமீட்டர், தனியார், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் கம்பெனி பராமரிப்புத் திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதுவரை எல்லா சர்வீஸும் அங்கேயே நடந்திருக்கிறது. திட்டம் முடிகிற தருணத்தில்தான் நிறையப் பேர் பயந்து விற்கிறார்கள், விலையும் அங்கே ஒரு படி இறங்குகிறது. கம்பெனிக்கு வெளியே நல்ல மெக்கானிக் கைவசம் இருப்பவருக்கு அது வாங்குகிற நேரம். 2021 ஜூலையிலிருந்து வந்த விதிகளின்படி, வாரண்டி இருக்கும்போதே வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்துகொள்ளவும் உரிமை உண்டு.

அண்ணனால் வர முடியவில்லை. ஆனால் தொலைபேசியில் ஆட்டி வைத்தார். "நீ வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லு. போனதும் பானெட்டுல கை வை." காலை ஏழு மணிக்குப் போய்க் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஸ்டார்ட் ஆனதும் அண்ணன் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு "சரி" என்றார். அது முப்பத்தொன்றாவது தமிழ்ச் சொல்லோ என்னவோ.

ஜோபர்க் வண்டிக்குத் துரு கிடையாது, ஆனால் ஆலங்கட்டி உண்டு. கோடையில் சாயங்காலம் கோலிக்குண்டு அளவுக்கு விழும். நேர் வெயிலில் பார்த்தால் அந்தக் குழி தெரியாது. காலைச் சாய்வெயிலில், கூரையோடு கண்ணை மட்டமாக வைத்துப் பார்க்க வேண்டும். டிக்கி மூடியில் மூன்று குழி இருந்தது. டிங்கர் வேலைக்கு என்று 5,000 ராண்ட் குறைத்தார் ஆசிரியர். சீட் பெல்ட்டை நான்கு பக்கமும் கடைசிவரை இழுத்தேன். அவர் விநோதமாகப் பார்த்தார், காரணம் சொன்னதும் அவரும் ஒன்றை இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனை மையத்தில் லிஃப்டில் ஏற்றிக் காட்டி, 3,45,000க்கு முடித்தோம். தகுதிச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும், அதற்குள் பெயர் மாற்றிவிட வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று மூன்று இடத்தில் கேட்டு வைத்திருந்தேன். இந்த வண்டிக்கு டிராக்கர் (திருடுபோனால் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) கட்டாயம் என்று மூவருமே சொன்னார்கள், அந்த மாதச் செலவும் கணக்கில் சேர வேண்டும்.

தப்பே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். திரும்பும் வழியில், வண்டி ஓடுகிற ஓட்டத்தை ரசித்துக்கொண்டே வந்தவன், ஹாரிஸ்மித் தாண்டி ஒரு குழியில் இறக்கிவிட்டேன். குழியைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் பார்த்தும்தான் இறக்கினேன். முன் இடது டயரின் பக்கவாட்டில் வடை போல ஒரு வீக்கம். இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடும் என்பது அதன் பெருமை. ஆனால் பக்கச்சுவர் கெட்டி, குழியில் விழுந்தால் விட்டுக்கொடுக்காது, ரிம்முக்கும் அடி விழும். ஒரு டயர் 4,800 ராண்ட், இரண்டு மாற்ற வேண்டியதாயிற்று. அண்ணன் சொன்ன நாற்பதாயிரத்தில் நாலில் ஒரு பங்கு முதல் வாரத்திலேயே காலி.

இன்னொன்று, சாவி. ஆசிரியர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. இன்னொன்று எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தால் கம்பெனி சாவி ஒரு டயரின் விலையைத் தாண்டுகிறது. விலை பேசும்போதே கேட்டிருந்தால் அதற்கும் குறைத்திருப்பார், நல்ல மனிதர்.

அம்பிலோ கோயிலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் பூஜை போட்டோம். அம்மா இன்னமும் பின்சீட்டில் ஏறுவதில்லை, முன்சீட்டை உயர்த்தி வைத்துவிடுவேன், அதில் ஏறி இறங்குவது அவர்களுக்குச் சமாளிக்க முடிகிறது. மனைவிதான் பின்னால். இப்போது 1,12,000 கிலோமீட்டர் ஆகிறது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும். அந்த கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைக் கேட்டேன், ஒரு லட்சத்தில் மாற்றியாயிற்று. ஆயில் ஃபில்டர் பெட்டியின் கேஸ்கெட்டில் கசிவு ஆரம்பித்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் போக வேண்டும். இரண்டாவது சாவி இன்னும் வாங்கவில்லை. மனைவி கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறேன்.